“காலுக்கு என்னங்க ஆச்சு?”

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதத்துக் காலையில் இது நடந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் நானும் அப்பாவும் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். பீளமேட்டில் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருந்தது. காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் வலது கால் சூம்பிப்போனது. இளம்பிள்ளை வாதம். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் வார், அடியில் கனமான பூட்ஸ். அதைப் போட்டால்தான் நடக்க முடியும். ஊரில் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கம்பியில் திருகு லூசானால் அவரே ஸ்பானரை எடுத்து முறுக்கிக் கொடுத்துவிடுவார். அதனால் காலைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிதாகப் பேச்சே இருக்காது. பேச்சு எல்லாம் வெளியில்தான்.

எங்கள் பக்கத்துப் பேச்சு மரியாதைக்குப் பேர் போனது. அந்த மரியாதைதான் எனக்கு வினை. “ஏனுங்க அம்மணி, காலுக்கு என்னங்க ஆச்சு?” என்று இத்தனை ‘ங்க’ போட்டு ஒருவர் கேட்டால் எதிர்த்து என்ன சொல்ல முடியும்? சொன்னால் நான்தான் மரியாதை தெரியாதவள். சந்தையில் கேட்பார்கள், தேர்த் திருவிழாவில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் இலை போட்டுக்கொண்டே கேட்பார்கள். பலர் என் பேரைக் கடைசிவரை கேட்டதே இல்லை.

நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அப்பா சொல்லுவார். யார் கேட்டாலும் சொல்லுவார். தீபாவளி முடிந்து காய்ச்சல் வந்தது, விடியக்காலையில் எழுப்பினால் குழந்தை நிற்கவில்லை, வண்டி கட்டிக்கொண்டு ஓடினோம் என்று ஒரு வார்த்தை மாறாமல் சொல்லுவார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டவர்களைவிட அப்பா மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அன்று பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. ஏதோ விசேஷத்துக்குப் போகிறார் போல. அப்பா எங்களுக்குப் பின்னால் இருந்த சீட்டில். பஸ் அரசூர் தாண்டியிருக்காது, அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

“ஏனுங் கண்ணு, கால் பொறந்ததுல இருந்தே இப்படியா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. பின்னால் திரும்பி அப்பாவைக் கேட்டார். அப்பாவும் தீபாவளியிலிருந்து ஆரம்பித்தார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒருவர் முடக்கத்தான் கீரை என்றார். ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் எண்ணெய் போடுகிற வைத்தியர் இருக்கிறார் என்றார். போன ஜென்மத்துப் பாவம் என்று ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு வாதம் வந்தது காலில், காதில் இல்லை.

“இவளுக்குக் கீழ பொண்ணு இருக்குதுங்களா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“ஒண்ணு இருக்குதுங்க,” என்றார் அப்பா.

“அதுக்கும் வரன் தகையறது செரமந்தானுங்களே, பாவம்.”

அப்பா தலையை ஆட்டினார். நான் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பீளமேடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போது அந்த அம்மாள், “எங்க, இரும்பு எதுவரைக்கும் போகுதுன்னு பாக்கலாமா கண்ணு,” என்று சொல்லிக்கொண்டே குனிந்து, என் சேலையின் கரையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். பஸ் நிறைய ஆம்பளைகள். என் முட்டி வரை வெளியே தெரிந்தது.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வளையல் அழுந்துகிற அளவுக்குப் பிடித்தேன்.

“கைய எடுங்க,” என்றேன்.

அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. “நான் என்னத்தப் பண்ணிப்போட்டேன்? ஒரு அக்கறையில கேட்டா இப்படியா பேசறது?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். உடனே நாலைந்து பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பொட்டப்புள்ளைக்கு இத்தனை கோவம் ஆகாது என்றார் அந்தப் பெரியவர். சேலையைத் தூக்கியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா எழுந்து நின்று, “தப்பா எடுத்துக்காதீங்க, புள்ளைக்குக் கொஞ்சம் முன்கோவம்,” என்று அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் எழுந்து, “வண்டிய நிறுத்துங்க,” என்றேன். பஸ் அப்போதுதான் சின்னியம்பாளையம் வந்திருந்தது. பீளமேட்டுக்கு இன்னும் சில மைல் இருந்தது. கண்டக்டர் தயங்கினார். இன்னொரு தரம் சொன்னேன். விசில் கொடுத்தார். கம்பியைப் பிடித்து இறங்கினேன். அப்பாவும் பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினார்.

பஸ் போய்விட்டது. ரோட்டோரத்துப் புளிய மரத்தடியில் நின்றோம். நான் அழவில்லை. அப்பாவைப் பார்த்து, பிறந்ததிலிருந்து கேட்காததைக் கேட்டேன்.

“எதுக்குங்கப்பா எல்லாத்துகிட்டயும் சொல்றீங்க? அவுங்க யாருங்க நமக்கு?”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“யாராச்சும் ஒருத்தரு, இன்ன டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, செரியாகிப்போகும்னு சொல்லிப்போட மாட்டாங்களான்னுதான் கண்ணு,” என்றார். “நான் சொல்லாம உட்டவன் ஒருத்தனுக்கு அது தெரிஞ்சிருந்தா?”

பதினாறு வருஷமாக அந்த மனிதர் இதற்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. அன்று அது போகக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“எனக்கு வைத்தியம் வேண்டாங்கப்பா. இந்தக் கால் இப்படியேதான் இருக்கும். எனக்கு வேல வேணும். இனி யார் கேட்டாலும் நீங்க சொல்லக்கூடாது. சொன்னா உங்ககூட நான் எங்கயும் வர மாட்டேன்.”

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் ரோட்டைத் தாண்டிப் போனார். அங்கே ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரரை அவருக்குத் தொழில் வழியில் பழக்கம். ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கேரியரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். இரும்புக் கால் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அவிநாசி ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெயிலில் அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டியிருந்தது. வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “காலுக்கு என்னங்க ஆச்சு?” என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். தீபாவளி வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். “அவ இங்கதானுங்க நிக்கறா. என்ன கேக்கோணுமோ அவளையே கேளுங்க,” என்றார்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். “மேனேஜர் ரூம் எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. நான் டைப் அடித்துக் கொடுத்ததில் ஒரு பிழைகூட இல்லை என்று மேனேஜரே சொன்னார். சொல்லி அனுப்புகிறோம் என்றார். அனுப்பவில்லை. தாமதமாகப் போனதாலா, காலினாலா, தெரியாது. என்னிடம் எதையும் கேட்கிற இந்த உலகம், நான் தெரிந்துகொள்ள நினைத்த அந்த ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. அடுத்த வருஷம் ஒரு பஞ்சு வியாபாரியின் ஆபீஸில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். தங்கைக்கும் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது.

அப்பா அதற்குப் பிறகு அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தால், “வண்டிக்கு என்னங்க பண்ணோணும்?” என்று கேட்பார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு ஆளிடமும் அவர் ஒரு டாக்டரை விட்டுக்கொடுத்தார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இன்னும் கேட்கிறார்கள், இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. வயதானால் கோபம் தணியும் என்று சொல்லுகிறவர்களின் சேலையை யாரும் பஸ்ஸில் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்பது அவர்கள் இஷ்டம் என்றால், சொல்லாமல் இருப்பது என் இஷ்டம் என்று பத்தொன்பது வயது வரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று பாதி வழியில் இறங்கி நானே தெரிந்துகொண்டேன், அதற்காக இந்த நாள் வரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.