இடக்கை நாயகன்

வேலையில் இருந்தவரை குவார்ட்டர்ஸ், ரிட்டயரானதும் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் ஒரு மனை, அதில் ஒரு மாடி வீடு. நெய்வேலிக்காரர்களில் பாதிப் பேருக்கு வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். காலையில் நடந்துவிட்டு வந்தால், அப்புறம் பொழுதுக்கும் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவது தவிர வேறு வேலை இல்லை. அதனால்தான் எங்கள் நகரில் சினிமாக் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு காலையில், பொது ஹாலின் சுவரில் படம் ஓடும். மாதம் ஒருவர் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டும்.

என் முறை வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வயதில், டவுன்ஷிப்பில் ஒரு மன்றத்தின் திறந்தவெளித் திரையில் பார்த்த அமெரிக்கப் படம் ஒன்றைச் சொன்னேன். கறுப்பின நடிகர்களே நாயகர்களாக நடித்து, எழுபதுகளில் வரிசையாக வந்தவற்றில் ஒன்று. நம்மூருக்கு வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. போர் முடிந்து வீடு திரும்புகிறவன், தன் தெருவில் போதை விற்கிறவர்களையும் அவர்களிடம் கை நீட்டும் போலீஸையும் தனி ஆளாக நின்று அடிக்கிறான். கடைசியில் சாகவில்லை. அது முக்கியம். நம் படங்களில் அப்போது கறுப்பாக இருப்பவன் என்ன செய்வான்? நாயகனிடம் அடி வாங்க வரிசையில் நிற்பான், காமெடியனிடம் திட்டு வாங்குவான், நல்லவனாக இருந்தால் இடைவேளைக்குள் செத்துப்போவான். இவன் எல்லாரையும் அடித்துவிட்டுக் கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு நடந்து போனான்.

புதன்கிழமை மாலை கட்டுரையைப் போட்டேன். அந்தப் படங்களை அவர்கள் ஜனங்களிலேயே பலர் திட்டியதை மறைக்காமல் எழுதினேன். போதை விற்பவனையும் பெண்களை வைத்துப் பிழைப்பவனையும் நாயகனாக்கி நம் மானத்தை வாங்குகிறார்கள் என்று அவர்கள் சொன்னது நியாயம்தான். பல படங்களுக்குப் பணம் போட்டதும் லாபம் எடுத்ததும் வேறு கைகள். கூட்டம் குறைந்ததும் கறிவேப்பிலையாய் எடுத்துப் போட்டுவிட்டார்கள்; நடித்தவர்கள் பலருக்கு அப்புறம் வேலை இல்லை. பின்னால் வந்த பெரிய படங்கள் அந்தத் தொப்பியையும் கோட்டையும் தாளத்தையும் எடுத்துக்கொண்டு, கோபத்தை மட்டும் ஹேங்கரிலேயே விட்டுவிட்டன. இதெல்லாம் தெரிந்தும், ஜெயித்துவிட்டு உயிரோடு நடந்து போகும் ஒருவனைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது, அப்படி ஒருவனைப் பார்க்கக் கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும் என்று எழுதினேன். இதில் ஒரு வரியைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு பத்தி. அந்த நாயகன் இடக்கைக்காரன் என்று எழுதியிருந்தேன். துப்பாக்கி பிடிப்பதும் இடக்கை, கை குலுக்க நீட்டுவதும் இடக்கை. எந்தக் கையை அசுத்தம் என்று உலகம் ஒதுக்கியதோ அந்தக் கையாலேயே அவன் எல்லாரையும் அடிக்கிறான், இது இயக்குநர் வேண்டுமென்றே செய்தது என்று முக்கால் பக்கம் விளாசியிருந்தேன். போதாக்குறைக்கு, ‘மன்றத்தின் புல்தரையில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்த அந்த மாலை’ என்று ஆரம்பம் வேறு. குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன. ஒரு ரிட்டயர்டு டீச்சர், இடக்கையைப் பற்றிய பார்வை புதுமை என்று பாராட்டியிருந்தார்.

வியாழக்கிழமை படம் பென்டிரைவில் வந்தது. ஞாயிறுக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று டிவியில் போட்டேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பத்தாவது நிமிஷத்தில் நாயகன் துப்பாக்கியை எடுத்தான். வலக்கையில்.

பின்னுக்கு ஓட்டினேன். வலக்கைதான். டிவியில் ஏதோ மாறியிருக்கிறது என்று மெனுவுக்குள் போய்த் தேடினேன். “இன்னாத்தத் தேடிக்கினு இருக்கீங்க?” என்றாள். அவன் இடக்கைக்காரன் என்றேன். “சோத்துக்கையிலதான புடிச்சிக்கினு இருக்கான்” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் மாறவில்லை. மாறியது நான் நின்ற இடம்.

நாங்கள் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு ஊர், அந்த ஊருக்குக் கிழக்கே காலனி, அங்கிருந்து நாலு பேர் இரண்டு சைக்கிளில் வருவோம். முன்பக்கம் ஊழியர் குடும்பங்களுக்கு. பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் அப்பாக்கள் கான்ட்ராக்டில் மண் சுமந்தவர்கள், பாஸ் ஏது? திரைக்குப் பின்னால் கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் புதர். பாம்புக்குப் பயந்து நின்றுகொண்டே பார்ப்போம். வெள்ளைத் துணி என்பதால் பின்பக்கமும் படம் தெளிவாகத் தெரியும், இடம் வலமாக, வலம் இடமாக. தமிழ்ப் படங்களைப் பிறகு பண்ருட்டியில் காசு கொடுத்துப் பார்த்துச் சரி செய்துகொள்வோம். இந்தப் படம் மறுபடி எங்கும் வரவில்லை. அதனால் அவன் எங்களுக்கு இடக்கைக்காரனாகவே நின்றுவிட்டான்.

இங்கிலீஷ் படத்துக்குக் குடும்பங்கள் அதிகம் வராது. முன்னால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அப்போதும் நாங்கள் பின்னால்தான்.

முதலில் காவலாளி கம்போடு வந்து விரட்டுவார். ஓடிப் போய், அவர் திரும்பியதும் வந்து நிற்போம். ஒருநாள் போனபோது திரையின் அடியில், தரை வரைக்கும், ஒரு கறுப்புத் துணி தொங்கியது. அன்றிலிருந்து காவலாளி வரவே இல்லை. எங்களை மறைப்பதற்காக யாரோ ஒரு நல்ல மனுஷன் கட்டச் சொல்லியிருக்கிறான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவனுக்குப் புண்ணியவான் என்று பேரும் வைத்தோம். புண்ணியவான் புண்ணியத்தில்தான் அந்தக் கறுப்பு நாயகனை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓடாமல் பார்த்தோம். மறுநாளிலிருந்து நாலு பேரும் இடக்கையால் தலை வாரினோம், இடக்கையில் டீ கிளாஸ் பிடித்தோம். டீ கிளாஸ் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு ஐடிஐ, கான்ட்ராக்ட், எத்தனையோ மனு, கடைசியில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கும் இடத்தில் முதல் கேள்வி சொந்த ஊர் எது என்பதுதான். பண்ருட்டிப் பக்கம் என்பேன். பலா உண்டா, முந்திரி உண்டா என்பார்கள். உண்டு என்பேன். ஊரில் தோப்பு உண்டுதானே, பொய் இல்லையே. வருஷா வருஷம் சீசனில் பண்ருட்டி மண்டியில் ஒரு பலாப்பழம் வாங்கி ஷிஃப்ட் ஆட்களுக்கு அறுத்து வைப்பேன். சொந்தத் தோப்புப் பழம் என்றால் ருசியே தனி என்று சப்புக்கொட்டுவார்கள். சிரித்துக்கொள்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் முழுப் பலாப்பழத்தில் ஒரு காலனியையே மறைத்தவன். யாருக்கும் தெரியாது என்று நான் நம்பினேனா? அதுகூட இல்லை. தெரிந்தவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது அதை நானே எழுதி, நானே குழுவில் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அழிக்கலாம் என்றால் எல்லாரும் படித்தாகிவிட்டது. தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டால் போகிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்றாள் மனைவி. அவளுக்குத் தெரியவில்லை. ஒருவன் இடது வலது தெரியாமல் முக்கால் பக்கம் எழுதுவானா? அந்த மன்றத்தில் முன்னால் உட்கார்ந்தவர்கள் எங்கள் நகரிலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்?

முக்கியமாக ஒருவர். என்னோடு தினமும் நடக்க வரும் நண்பர். நெல்லைப் பக்கத்திலிருந்து இளம் இன்ஜினியராக வந்தவர், ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிவிட்டவர். வேலையில் இருந்தபோது அவர் எனக்குச் சார், நான் அவருக்கு வெறும் பெயர். ரிட்டயரான பிறகு நானும் அவருக்குச் சார் ஆனேன். எனக்குக் கிடைத்த கடைசிப் பதவி உயர்வு அது. அதை இழக்க எனக்கு மனசில்லை. காலை ஐந்தரைக்கு என் வீட்டுக் கேட்டில் வந்து நிற்பார். கட்டுரை போட்ட மறுநாள், வியாழன், அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை அவர் வீட்டு வழியாகவே நடந்தேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் முழங்கால் வலி என்றார், பேப்பரிலிருந்து முழுசாகத் தலை நிமிராமல். தெரிந்துவிட்டது, ஒதுக்குகிறார் என்று நினைத்தேன். படத்துக்குப் போகாமல், காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஞாயிறன்று போனேன். இருபது பேர் இருப்பார்கள். நண்பரும் வந்திருந்தார், வழக்கமாக என் பக்கத்தில் உட்காருபவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். படம் ஓடியது. துப்பாக்கிக் காட்சி வந்தது. என் முதுகில் வியர்வை இறங்கியது. யாரும் பேசவில்லை. கை குலுக்கும் காட்சி வந்தது. அப்போதும் பேசவில்லை. படம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக, அவசரத்தில் எடுத்ததாக இருந்தது. அடி விழுவதற்கு முன்பே ஒருவன் விழுந்தான். ஆனால் கடைசியில் அவன் கோட்டைத் தட்டிக்கொண்டு நடந்தபோது, இத்தனை பயத்திலும், என் முதுகு தானாக நிமிர்ந்தது.

விளக்கைப் போட்டதும் டீச்சர்தான் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, சந்தேகம் கேட்கும் குரல். “இடக்கைனு எழுதியிருந்தீங்களே சார், அது எந்தக் காட்சியில வருது?”

பதில் தயாராக இருந்தது. வயசாகிவிட்டது, ஞாபகப் பிசகு. நாலு நாளாக மனப்பாடம் செய்தது. எழுந்து நின்றேன். அவ்வளவு நேரம் ஒருவன் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

“நான் திரைக்குப் பின்னால நின்னு பாத்தேங்க” என்றேன். “எங்களுக்கு உள்ள வர பாஸ் இல்ல. நாற்காலின்னு எழுதுனது பொய்.”

ஊர் எது, காலனி எது, எல்லாம் சொன்னேன். ஒருவர் செல்லைப் பார்த்தார். டீச்சர் மெதுவாக, அந்தப் பத்தியை எடுத்துவிடாதீர்கள் என்றார். அப்புறம் டீ வந்துவிட்டது. எல்லாருக்கும் அது வசதியாகப் போயிற்று.

படியிறங்கும்போது நண்பர் காத்திருந்தார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

“கட்டுரையப் படிச்ச அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிட்டு சார்” என்றார். “நான் முன்வரிசை. திரைக்கு அடியில வரிசையா காலு தெரியும். வெறுங்காலு. படம் பாக்க விடாம அதுவே கண்ணுல பட்டுக்கிட்டு இருக்கும். மன்றத்துப் புகார் புக்குல எழுதினேன். துணி கட்டினாங்க. அதுல ஒண்ணு உங்க காலா இருக்கும்னு நாலு நாளா தூக்கம் இல்ல.”

அவர் என்னை ஒதுக்கவில்லை, என் முகத்தில் விழிக்கப் பயந்திருக்கிறார். நாலு நாள், இரண்டு வீட்டில், இரண்டு கிழவர்கள்.

“அந்தத் துணியக் கட்டச் சொன்னவருக்கு நாங்க புண்ணியவான்னு பேரு வெச்சிருந்தோம் சார்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. என் கால்களைப் பார்த்தார். பிறகு, நாளைக்கு நடக்க வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கவனித்தேன். நாலு நாளாக வயிற்றில் கிடந்த பயம் இல்லை. அது இருந்த இடத்தில் கோபம் வந்திருந்தது. பத்தொன்பது வயதில் வந்திருக்க வேண்டியது. அப்போது நன்றி சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் கேட்டில் வந்து நின்றார். நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் டீயை மெதுவாகக் குடித்து முடித்து, அவரைப் பத்து நிமிஷம் அங்கேயே நிற்க வைத்துவிட்டு, அப்புறம்தான் போய்ச் செருப்பை மாட்டினேன்.