வெயிலுக்கு நம்பர்

தாராவியில் எங்கள் சந்தில் தண்ணீருக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் நம்பர் உண்டு. இரண்டு பக்கமும் மாடி வைத்துக் கட்டிய வீடுகள். நடுவில் தெரியும் வானத்திலிருந்து காலையில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் இறங்கும். வாசல் வாசலாக நகர்ந்து அரை மணியில் போய்விடும். அதனால் மழை பெய்யும்போதே செங்கல்லையோ பழைய செருப்பையோ வைத்து இடம் பிடித்துவிட வேண்டும். இந்த ராஜ்யத்துக்கு ராணி, முறுக்குச் சுட்டு விற்கும் எதிர்வீட்டு அக்கா. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

என் மகள் பிறந்தபோது பத்து நாளாக விடாத மழை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் கண் மஞ்சளாகிவிட்டது. காலை வெயிலில் காட்டச் சொன்னார் டாக்டரம்மா. மூன்று நாளில் குறையாவிட்டால் மறுபடி சேர்க்க வேண்டுமாம். வெயிலை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்க நினைத்தேன்.

மறுநாள் காலை சுள்ளென்று அடித்தது வெயில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். சந்து முழுக்கத் தலையணை, மெத்தை, பள்ளிக்கூடப் பை. முதல் இடத்தில், முறுக்கு மாவுக்காக ஊறவைத்துக் களைந்த அரிசியை அக்கா ஒரு வேட்டியில் விரித்திருந்தாள். எனக்கு நம்பர் இல்லை. பிள்ளையோடு வாசலிலேயே நின்று அழுதேன்.

"என்னட்டி அங்கனயே நிக்க? பிள்ளையக் கொண்டா இங்க!"

அரிசியை வேட்டியோடு சுருட்டி உள்ளே எறிந்தாள். பிறகு சந்தைப் பார்த்து, "ஹடாவ், ஹடாவ்! பச்சா ஹை!" என்று இந்தியில் ஒரு சத்தம்: எல்லாத்தையும் எடுங்க, பிள்ளை இருக்கு! வெயில் நகர நகர, அடுத்தடுத்த வாசலில் மெத்தைகள் எழுந்து வழிவிட்டன. பிள்ளை கைமாறிக் கைமாறி வெயிலோடு போனாள். பத்து நாள் ஈரத்தோடு படுத்தவர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மூன்று காலையும் இப்படித்தான். இந்த ஜனங்களை என்ன சொல்லிப் புகழ்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பரிசோதனை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அரிசியைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். புளித்த வாடை அடித்தது.

"ஐயோ, என்னக்கா இது?"

"அது கெடக்கட்டும். பிள்ளைக்கு மஞ்ச எறங்கிட்டா?"

"எறங்கிட்டுக்கா. சேர்க்க வேண்டாமாம்."

பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் செங்கல்லை எடுத்து முதல் இடத்தில் வைத்தாள்.

"அப்ப நாளையிலருந்து நம்பர் போட்டுட்டு வா."