மாமாவின் ரிவால்வர்

எங்கள் மாமாவுக்கு தாராவியில் சின்னதாக ஒரு தோல் பட்டறை. பெல்ட்டு, பர்ஸ் எல்லாம் தைப்பார், ஆனால் உயிர் மட்டும் போலீஸ்காரர்களின் பழைய ரிவால்வர் மேல்தான். பிஸ்டல் என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "பிஸ்டல்ல குண்டு சிக்கிட்டுன்னா அம்புட்டுதாம்ல. ரிவால்வர்ல ஒண்ணு வெடிக்கலன்னா இன்னொருக்க இழு, அடுத்தது வந்து நிக்கும். நம்புனவனக் கைவிடாது!" என்பார். அவர் சுட்டுப் பார்த்ததெல்லாம் கிடையாது.

அவர் சொன்னது ஒரே ஒரு ரிவால்வரை வைத்து. நான் பிறப்பதற்கு முன் நடந்த கலவரத்தில், எங்கள் சந்து முனையில் ஒரு மராட்டிய போலீஸ்காரர் தனியாக நின்றாராம். எதிரே ஒரு கும்பல். மாமா ஷட்டர் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஒருத்தனும் உள்ள வரல" என்பதோடு கதையை முடித்துவிடுவார். ஒருத்தனும் வரவில்லை என்றால் அத்தனை பேரையும் சுட்டிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடம் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

நான் மூன்றாவது படிக்கும்போது அந்த ரிவால்வரே பட்டறைக்கு வந்தது! ஸ்டேஷனில் எல்லோருக்கும் பிஸ்டல் கொடுக்கிறார்கள், நாளைக்கு இதை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிப் போகத்தான் அந்தப் போலீஸ்காரர் வந்தார். மாமா விடவில்லை. இடுப்பிலிருந்த பிய்ந்த உறையைப் பார்த்துவிட்டு, புதுசு தைத்தே தீருவேன் என்று அவரை உட்கார வைத்துவிட்டார். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிற துப்பாக்கிக்கு எதுக்கு உறை என்று அம்மா கேட்டாள். "பிஞ்ச உறையிலயா அத வழியனுப்பச் சொல்லுத?" என்று மாமா எரிந்து விழுந்தார்.

போலீஸ்காரர் குண்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருந்ததிலேயே நல்ல தோலை மாமா தண்ணீரில் ஊறவைத்தார். ரிவால்வரைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரத்தோலை அதன்மேல் போர்த்தி, வளைவு வளைவாகக் கட்டைவிரலால் அழுத்தினார். வாசலில் என் சிநேகிதிகள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

"அங்கிள், அன்னைக்கு எத்தன பேரச் சுட்டீங்க?"

அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். சிரித்தார். "ஒருத்தர் கூட நஹி, பேட்டா. அன்னைக்கும் இல்ல, அப்புறமும் இல்ல. இது ஒரு தடவ கூட சுட்டது இல்ல."

வாசலில் ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று. மாமாவாவது ஏமாந்த முகம் காட்டுவார் என்று திரும்பினேன். அவரோ கண் கலங்கி, அந்த ஈரத்தோலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நாந்தான் சொன்னம்லா, கைவிடாதுன்னு" என்றார்.

சுடவே சுடாத துப்பாக்கிக்கு இவ்வளவு நல்ல தோலை வீணாக்குகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.