கடைசி மூலையில் கண் சிமிட்டிய வேன்

அந்த ஷோரூமில் அவளை எல்லோரும் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான மேனேஜர்கூட அப்படித்தான். இடுப்பில் ஒரு பெரிய வளையம். அந்தக் கம்பெனி தயாரிக்கும் வண்டிகளில் ஒவ்வொன்றின் சாவியும் அதில் தொங்கும். நடந்தால் முதலில் சத்தம் வரும், பிறகுதான் ஆள் வருவாள். தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கைக்குக் கிடைத்த துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பிப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் தொலைபேசியில் பதில் சொல்கிறவள். "வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாம போன்ல என்னத்தப் பேசுறது?" என்று மதிய இடைவேளையில் ஒவ்வொரு வண்டியாக ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் மட்டுமல்ல. பின் இருக்கையின் நடுவில், டிக்கியின் விளிம்பில், வேனின் வெறும் தரையில். பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தது கணவர், நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அறுபது பயணிகளிடம் வராத கோபம் அவருக்கு ஒரே ஒரு மனைவியிடம் வந்தது. "பிரேக்குன்னா மிதிக்கணும், தடவிக் குடுக்கக் கூடாது" என்று கத்துவார். அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, "இப்ப கத்துங்க, கேக்குறேன். ஓட்டும்போது கத்தினா மரத்துல கொண்டுபோய் விட்டுருவேன்" என்பாள். லாரி ஓட்டும் உரிமத்துக்கும் படிக்கிறேன் என்றபோது மனிதர் சிரித்துவிட்டார். "எதுக்கு? சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல ஓட்டப் போறியா?"

ஆனால் அவள் உரிமத்தை வாங்கிவிட்டாள். ஒவ்வொரு முறையும் லாரியை நகர்த்த வெளியாளுக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டிகளுக்குக் கம்பெனி வைத்த பெயர்கள் வாயில் நுழையாது. விற்பனைப் பிரிவிலேயே ஆளுக்கொரு விதமாக உச்சரிப்பார்கள். சாவி அக்கா தன் வசதிக்கு வேறு பெயர் வைத்தாள், நாளடைவில் ஷோரூம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. சின்னக் கார் சுண்டெலி. நீளமாக, பளபளவென்று, யாரும் தொட்டுவிடக் கூடாது என்பது போல நிற்கும் கார் மாப்பிள்ளை. மூன்று வரிசை இருக்கையோடு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவது சம்பந்தி. சத்தமே போடாத மின்சாரக் கார் பூனை. பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் முரடன். நெட்டையாக, வெள்ளையாக, வயிறு முழுக்க இடமாக இருக்கும் வேன் பீரோ. எல்லாவற்றுக்கும் மேலே லாரி. அது உள்ளே வந்தால் மற்ற எல்லோரும் எழுந்து இடம் விட வேண்டும் என்பதால் அது மாமனார்.

வருகிறவர்களிடம் பட்ஜெட் என்ன என்று அவள் முதலில் கேட்க மாட்டாள். "எதை ஏத்தப் போறீங்க? யாரு ஏறப் போறாங்க? நிறுத்த இடம் எங்க இருக்கு?" இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் வண்டி தானாக நகர்ந்து முன்னால் வந்து நிற்கும் என்பது அவள் கணக்கு. மாப்பிள்ளையை வாங்க வந்தவரைச் சுண்டெலியோடு அனுப்பியிருக்கிறாள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். வந்தவரோ அடுத்த மாதம் தன் அண்ணனையும் கூட்டிவந்தார்.

அப்படி வந்தவர்கள்தான் அந்தச் சலவைக்காரத் தம்பதி. வீட்டின் பின்னறையில் இரண்டு இயந்திரங்களை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள். கணவருக்கு முரடன்மேல் கண். அதன் தொட்டியை ஒரு தட்டுத் தட்டி, "இது ஆம்பளை வண்டி" என்றார்.

"துவைச்ச துணியைத் திறந்த வண்டியில வச்சுக்கிட்டுப் போனா, போய்ச் சேர்றப்ப திரும்பத் துவைக்கணுமே அண்ணே" என்றாள் சாவி அக்கா. சலவைக்கார அம்மா அதற்குள் பீரோவில் ஏறி, மூட்டையை இழுப்பது போல் தரையில் கையை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டாள். "தூக்க வேண்டாம்ங்க, தள்ளினாலே போதும்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. விவகாரம் அங்கேயே முடிந்தது.

அந்த வேனை நம்பித்தான் அவர்கள் ஒரு பெரிய ஹோட்டலோடு பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முதல் சலவையை எடுக்க வர வேண்டும். வராவிட்டால் அடுத்து வரிசையில் நிற்பவருக்கு வேலை போய்விடும். "வெள்ளிக்கிழமை காலையில வாங்க. வண்டி குளிச்சுச் சீவிச் சிங்காரிச்சு நிக்கும்" என்று வாக்குக் கொடுத்தாள் சாவி அக்கா.

அதே வெள்ளிக்கிழமைதான் கம்பெனியின் குடும்பம் மொத்தமும் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார், வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். "லாரியும் உள்ள வேணும் சாவி அக்கா. மூஞ்சி ஜனங்களைப் பாத்து இருக்கணும்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவளே ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தாள். வண்டி நுழைய ஒரே ஒரு பெரிய வாசல். நெட்டையான பீரோ மற்றதை மறைக்கக் கூடாது என்று அதைக் கடைசி மூலையில் சேர்த்தாள். அதன் முன்னால் முரடன், சம்பந்தி, மாப்பிள்ளை, பூனை, சுண்டெலி. எல்லாவற்றுக்கும் பிறகு, பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு மாமனார் வாசலை அடைத்து நின்றார். 'காட்சிக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல' என்ற அட்டைகளை எல்லா வண்டிகளின் முன்கண்ணாடியிலும் ஒட்டினாள். இப்படிக் கச்சிதமாக யாராலும் அடுக்க முடியாது என்று அவளுக்கே தோன்றியது. அது உண்மையும்கூட.

காலையில் சலவைத் தம்பதி வந்தார்கள். நல்ல உடுப்பு, கையில் ஒரு பூங்கொத்து. வண்டியின் முன்னால் வைக்கவாம். சாவி அக்கா அவர்களைப் பின்முற்றத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே நின்ற வெள்ளை வேனின் மேல் தூசி படிந்து, யாரோ விரலால் பூ வரைந்திருந்தார்கள்.

"குளிச்சிட்டு நிக்கும்னீங்க?" என்றார் சலவைக்காரர். "பல்லுகூட விளக்கல போல."

அவள் சாவியின் பொத்தானை அழுத்தினாள். வண்டி திறக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். அப்போது சலவைக்கார அம்மா அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, அங்க பாருங்க."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஷோரூமின் கடைசி மூலையில், ஆறு வண்டிகளுக்குப் பின்னால் இருந்த பீரோ இரண்டு விளக்குகளையும் சிமிட்டியது.

கழுவின வண்டிதான் உள்ளே போகும் என்பது அந்த இடத்தின் எழுதாத சட்டம். நேற்றைக்கு முற்றத்தில் ஒரே மாதிரி இரண்டு வேன்கள். கழுவுகிறவர், சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர், டெலிவரி வண்டியை முதலில் கழுவிவிட்டார். பளபளவென்று நின்றதைக் காட்சி வண்டி என்று நினைத்து சாவி அக்கா உள்ளே ஏற்றிவிட்டாள். சாவியில் கட்டியிருந்த அடையாளச் சீட்டைப் பார்த்திருக்கலாம். இத்தனை வருஷமாக அவள் சீட்டைப் பார்த்ததே இல்லை, விரலே சொல்லும் என்ற தைரியம்.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. "நாளைக்கு எடுத்துக்கட்டும். இல்ல, இந்தத் தூசி வேனையே இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டட்டும்."

"இன்ஷூரன்ஸ், பேப்பர் ஒண்ணும் இல்லாத வண்டியையா? முதல் திருப்பத்துல பிடிச்சு நிறுத்திருவாங்க. நாளைக்கு எடுத்து அவங்க என்ன பண்றது சார், ஹோட்டல் வேலை போனப்புறம்?"

"அப்ப என்னதான் பண்ணலாங்கிற?"

"மாமனார்ல ஆரம்பிச்சு எல்லாரையும் எழுப்ப வேண்டியதுதான்."

"விருந்தாளிங்க முன்னாடியா! ஏதோ நிகழ்ச்சி மாதிரியாவது சொல்லிச் சமாளிம்மா."

அவள் நேராகப் போய் மேடையிலிருந்த மைக்கை எடுத்தாள். "எல்லாருக்கும் வணக்கம். ஒரு தப்பு நடந்துபோச்சு, பண்ணினது நான்தான். அதோ அந்த மூலையில நிக்கிற வேன் இவங்களோடது. மதியத்துக்குள்ள இவங்க வேலைக்குப் போயாகணும். அதனால எல்லா வண்டியையும் வெளிய எடுக்கப் போறேன். நீங்களும் கொஞ்சம் நடைபாதைக்கு வந்துட்டா, உக்காந்து பாக்குறதைவிட ஓடுறப்ப பாக்கலாம். டீ வெளிய வரும்."

ஜனங்கள் தட்டுகளோடு எழுந்தார்கள். அவர்களில் ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டாவது கேக் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் கணவர்.

"ஏங்க, கேக்கை வச்சிட்டு வாங்க. பின்னால நின்னு வழி சொல்லணும். கண்ணாடியை விரிச்சா வாசல்ல இடிக்கும், மடக்கினா பின்னால இருக்கிறது எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நானா? என் பேச்சைத்தான் நீ கேக்க மாட்டியே?"

"இன்னிக்கு ஒரு நாள் கேக்குறேன், வாங்க."

மாமனாரின் எஞ்சின் உறுமியது. பின்னால், கேக் துணுக்கு ஒட்டிய கையை உயர்த்தி அவர் நடந்தார். "வா... வா... நேரா வா. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடி. அவ்வளவு வேண்டாம்! தடவிக் குடு, தடவிக் குடு."

"இப்ப மட்டும் தடவிக் குடுக்கணுமா?" ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

வாசல் சட்டத்துக்கும் லாரிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு உள்ளங்கை இடம். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பின்சக்கரம் தெருவில் இறங்கியதும் யாரோ கைதட்டினார்கள். கணவர் தலையைத் திருப்பி, தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்பது போலக் கையசைத்தார்.

பிறகு வரிசை வேகமாக நகர்ந்தது. ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுவந்து, இறங்குவதற்கு முன் கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாள். "சுண்டெலி. நிறுத்த இடமில்லாதவங்களுக்கு." "பூனை. பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது, ஒதுங்குங்க." மாப்பிள்ளை வந்தபோது, "இவரை வாங்கினா தினமும் துடைக்கணும். முடியும்னா வாங்குங்க" என்றாள். சம்பந்தியின் மூன்றாம் வரிசைக்குத் தலைமை அலுவலகத்துக்காரரையே ஏறச் சொன்னாள். அவர் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, "இங்கே குழந்தைகள்தான் உட்கார முடியும்" என்று ஒப்புக்கொண்டார். "அதைத்தான் சார் நான் வாங்குறவங்ககிட்டச் சொல்றேன், மேனேஜருக்குப் பிடிக்க மாட்டேங்குது." முரடன் வெளியே வந்தபோது சலவைக்காரர் இன்னொரு தரம் ஆசையாகப் பார்த்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கடைசியில் பீரோ. காலியான ஷோரூமின் நடுவில் அது தனியாக உருண்டு வந்தது. சாவி அக்கா இறங்கி, வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி, இந்த முறை சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, சலவைக்கார அம்மாவின் கையில் வைத்தாள். பூங்கொத்தை வைக்கவும் நேரமில்லை. சலவைக்காரர் தாவி ஏறினார், மனைவி ஓட்டினாள், வண்டி திருப்பத்தில் மறைந்தது.

விருந்தாளிகள் தெருவிலேயே நின்று வண்டிகளுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தலைமை அலுவலகத்துக்காரரிடம், நிகழ்ச்சியை இப்படி அமைத்தது புது முயற்சி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சாவி அக்கா காதில் வாங்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர் வந்து உட்கார்ந்து, கேக்கில் பாதியைப் பிட்டு நீட்டினார். "ஒடிச்சது சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே அதிசயம்.

கைப்பேசி அடித்தது.

"அக்கா, முதல் மூட்டையை ஏத்தியாச்சு" என்றாள் சலவைக்கார அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனா ஹோட்டல்காரரு ஒரு மாதிரி பாக்குறாரு. கண்ணாடியில 'காட்சிக்கு மட்டும்'னு அட்டை ஒட்டியிருக்கு, இது நிஜமாவே உங்க வண்டியான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டி எங்களுதுதான், காட்டுறதுக்காகத்தான் கொண்டுவந்தோம்னு சொல்லிட்டேன்."

சாவி அக்கா அவ்வளவு சத்தமாகச் சிரித்ததை அந்தத் தெரு அன்றுதான் கேட்டது. எழுந்து, மாமனாரின் சாவியைத் தடவி எடுத்தாள். எடுத்தவள் நின்று, சீட்டையும் ஒரு தரம் படித்துக்கொண்டாள்.