அண்ணி போட்டுக்கொண்ட ஊசி

இங்கே இங்கிலாந்தில், நார்தாம்ப்டனில் கருத்தடை ஊசி போடப் போனால், முதலில் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறார்கள். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கு முதியோர் இல்ல வேலை நிரந்தரமாகும்வரை குழந்தை வேண்டாமென்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்திருந்தோம். ஆனாலும் அவர் முகம் சுருங்கிப்போனது. உள்ளே நர்ஸ் நிதானமாக விளக்கினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட்டால் நன்றாகவே தடுக்குமாம். மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். நெடுநாள் போட்டால் எலும்பு கொஞ்சம் வலுவிழக்கலாம். "நிறுத்தினபிறகு கரு தங்க ஒரு வருடம்கூட ஆகலாம், பயப்படாதீர்கள்" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள் பாவம்.

ஒரு வருடமாம்! இதை எங்களுக்கு யார் சொன்னார்கள்? செல்வியும் நானும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரே லைனில் தைத்தவர்கள். அவளை அண்ணன் காதலித்துக் கட்டிக்கொண்டு மாதனூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது அம்மாவுக்கு ஆகவே ஆகாது. சூப்பர்வைசர் ஆகும்வரை பிள்ளை வேண்டாமென்று, அண்ணனுக்கும் தெரியாமல் அவள் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டாள். துணைக்குப் போனது நான். சிஸ்டர் ஏதோ விளக்க ஆரம்பித்தபோது, "சீக்கிரம் போடுங்க சிஸ்டர், கம்பெனி பஸ்சு போய்டும்" என்று அவசரப்படுத்தியதும் நான் என்கிற இந்த மகராசிதான்.

அண்ணிக்கு விலக்கு நின்றுபோனது. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பாய் தனி, தட்டு தனி. அண்ணி மாதா மாதம் தேதி பார்த்து ஓரமாக உட்கார்ந்து நடித்தாள். நான் சோறு போடும்போது எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியாது.

பதவி கிடைத்ததும் ஊசியை நிறுத்தினாள். "அடுத்த மாசமே தங்கிடும் அண்ணி" என்று நானே ஜோசியம் சொன்னேன். எட்டு மாதமாகியும் ஒன்றுமில்லை. அம்மா தெருவுக்கே கேட்கும்படி மலடி என்று ஏச ஆரம்பித்தாள். அண்ணி தாங்காமல் ஊசி விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டத் தேடினால், காணவில்லை.

அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "இவ சொல்றது நெஜமா? நீதான் கூடப் போனியாமே?"

அப்போதுதான் எனக்கு இங்கிலாந்து மாப்பிள்ளை சம்பந்தம் கூடி வந்திருந்தது. என் பேர் கெட்டுவிடுமே என்ற பயம். "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா" என்றேன். மறுநாள் அண்ணியைக் குடியாத்தத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அண்ணனுக்கு வேறு மனைவி, ஒரு பெண் குழந்தை.

ஊசி போட்டுக்கொண்டு வந்ததும் வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, செல்வி மலடி இல்ல. அவ ஊசி போட்டது நெஜம். நாந்தான் கூட்டினு போனேன்."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "தெரியும். அந்த அட்டைய அடுப்புல போட்டதே நாந்தான். இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? ஒம் மாமியா ஜாடை பேசறா. இந்த மாசமாச்சும் எதுனா உண்டா?"

அடிப்பாவி என்று கத்தியிருக்க வேண்டும். எந்த வாயால் கத்துவது? "இல்லம்மா" என்று சொல்லி, என் முகம் மட்டும் மாதனூருக்குத் தெரியும்படி போனைத் தூக்கிப் பிடித்தேன். பஞ்சு ஒட்டிய கை நார்தாம்ப்டனில் இருந்தது.