கெட்ட காற்றுக்குக் கிணற்றில் மீன்

மலேரியா மேஸ்திரி உக்கிரபாண்டிக்கு வேலை நிரந்தரமாக ஒரே ஒரு கிணறு பாக்கி. ஆனையூரில் மொத்தம் நாற்பத்திரண்டு கிணறுகள். நாற்பத்தொன்றில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டாயிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

1938 ஆகஸ்ட் 11, காலை பத்தேகாலுக்கு, மீன் தகரத்தோடு ஒச்சம்மாள் வீட்டுக் கிணற்றடியில் போய் நின்றான். பேசாமல் மீனை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் பயிற்சி வகுப்பில் டாக்டர் சொன்ன ஒரு விஷயம் அவன் வயிற்றில் தங்காது.

“யக்கா, மலேரியாங்கிற பேரு இத்தாலிக்காரன் பேச்சுல இருந்து வந்தது, தெரியுமா? மாலான்னா கெட்டது, ஆரியான்னா காத்து.”

மற்ற வீடுகளில் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒச்சம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

“கெட்டது காத்துங்கிற. அப்ப என் கிணத்துல எதுக்குய்யா மீன விடுற?”

“அப்பல்லாம் சதுப்புக் காத்துலதான் காய்ச்சல் வருதுன்னு நெனச்சாக. பெறகுதான் கொசுன்னு தெரிஞ்சுச்சு.”

“தெரிஞ்ச பெறகு பேர மாத்துனாகளா?”

“மாத்தல.”

“மாத்தலேல்ல? அப்ப அவுகளுக்கே இன்னும் சந்தேகம் தீரல.”

பக்கத்து வீட்டு ராமக்காள் சிரித்துவிட்டாள். உக்கிரபாண்டிக்கு வேலை கையை விட்டு நழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“யக்கா, என் பேரு உக்கிரபாண்டி. பெறந்தப்ப போட்ட கூப்பாட்டக் கேட்டு எங்கப்பா வச்சது. இம்புட்டு நேரம் நீ வெரட்டுறியே, நான் உக்கிரமா ஒரு வார்த்தை பேசுனேனா? இருபத்தாறு வருசமாச்சு. பேர யாரும் மாத்தல.”

ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. “குடிக்கிற தண்ணி கவிச்சி அடிச்சா?”

மீன் விட்டு ஒரு மாதமாகியிருந்த ராமக்காள் கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. ஒச்சம்மாள் முகர்ந்தாள், குடித்தாள், இன்னொரு தடவையும் குடித்தாள்.

“சரி, விடு. எத்தன?”

“பன்னெண்டு.”

தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “பதினொண்ணுதான் நீந்துது. ஒண்ணு மல்லாந்து கெடக்கு.”

“வெயில்ல நின்னு பேசுனோம்ல...”

“நீதான் பேசுன. பன்னெண்டும் வரட்டும், உன் நோட்டுல கைநாட்டு வைக்கிறேன்.”

பதினொன்றையும் கிணற்றில் விட்டுவிட்டு நடந்தான்; மீன் வளர்க்கும் தொட்டி மூன்றே முக்கால் மைல். பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு, தகரத்தில் ஈரத்துணி போர்த்தி, இரண்டு மீன்களோடு திரும்பினான். ஒச்சம்மாள் இரண்டையும் எண்ணிவிட்டுத்தான் கட்டைவிரலை நீட்டினாள்.