பன்னிரண்டு மூட்டை குதிரை எரு

மே மாதக் கடைசியில் எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஒரே இலையும் பூவும்தான். லண்டனில் தோர்ண்டன் ஹீத்தைச் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிற எட்டுக் குடும்பங்கள். ஒருவருக்குத் தக்காளி பூத்துவிட்டது. இன்னொருவருடைய கத்தரிக் கன்றுகளை நத்தை ஒரே இரவில் மொட்டையடித்துவிட்டது. வெற்றி என்றால் படம் வரும், தோல்வி என்றால் நீண்ட குரல்பதிவு வரும். அந்தக் குழுவில் பெரிய வாய் எனக்குத்தான். நான் டைல்ஸ் பதிக்கிறவன். ஆனால் ஜெர்மனியில் இருந்த காலத்திலேயே பால்கனியில் வெண்டி காய்க்க வைத்தவன் என்று எல்லோருக்கும் காது புளிக்கப் புளிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மே மாதம் மட்டும், ஒரே ஒரு படம் போட்டதைத் தவிர, வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதமே பிழை விட்டுவிட்டேன். நகரத்துக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் எரு சும்மா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் வேலை வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது லாயத்துக்காரப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த வருடம் குதிரைகளுக்குப் புல்லை வெளியில் வாங்கினார்களாம், அந்தப் புல்வெளிக்குக் களைகொல்லி அடித்திருந்தார்களாம். குதிரையின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் மருந்து எருவில் நிற்கும், மரக்கறிக்குப் போடாதே, வேண்டுமானால் புல்தரைக்குப் போடு என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. எருவைப் பற்றி எனக்கு இவள் பாடம் எடுக்கிறாளா? யெஸ், யெஸ் என்று தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டு மூட்டையையும் ஏற்றினேன்.

குழுவில் என் வீட்டோடு சேர்த்து ஏழு வீடுகளுக்கு ஆளுக்கொரு மூட்டை இறக்கினேன். மிச்சம் ஐந்தும் அக்காவுக்கு.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறவர். அவருடைய கணவர் மூன்று வருடம் படுக்கையில் கிடந்து இறந்தார். அந்த மூன்று வருடமும் கஞ்சி காய்ச்சி, கரண்டியால் ஊட்டி, வாய் துடைத்துப் பார்த்தவர் அக்காதான். செத்தவீட்டில் கணவரின் தமக்கை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவளின்ர கையால திண்டு திண்டுதான் என்ர தம்பி போனவன்." நானும் அங்கே நின்றேன். அந்த வாயை அப்போதே அடைத்திருக்க வேண்டும், செத்தவீடு என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் அக்கா ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை, ஒருவருக்கும் ஒரு தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

என் மனைவிதான் அவரைக் குழுவில் சேர்த்தாள். நான் போய்ப் பலகை அடித்து இரண்டு பாத்தி கட்டிக் கொடுத்தேன். அக்காவின் தோட்டம்தான் எல்லாவற்றையும்விடக் கொழிக்க வேண்டும் என்று ஐந்து மூட்டையையும் அதற்குள்ளேயே கொட்டினேன். ஏப்ரல் கடைசியில் போஞ்சி, அதாவது பீன்ஸ் விதையை நீட்டியபோது அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்கள் போடுங்கோ தம்பி. என்ர கை ராசியில்லாத கை."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா! போடுங்கோ. காய்ச்சா உங்கட கைராசி. காய்க்காட்டி என்ர பிழை, சரியோ?"

சிரித்தார். ஒவ்வொரு விதையாக, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மண்ணில் வைத்தார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றி, கடலை வடையும் சுட்டுக்கொண்டு வந்தார். வடையில் உப்புக் கொஞ்சம் கூட. நான் ஆறு சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது என் மனைவி அழுதுவிட்டாள்.

போஞ்சி முளைத்தது. அக்கா தினமும் படம் போட்டார், ஒரே செடியை நாலு பக்கத்திலிருந்தும். பதினைந்து நாளில் குருத்து சுருளத் தொடங்கியது. இலை விரியாமல் கிண்ணம் போலக் குவிந்தது, தண்டு முறுகியது. பக்கத்தில் வைத்த தக்காளியும் அப்படியே. குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குளிர் என்றார் ஒருவர், தண்ணீர் கூடிப்போச்சு என்றார் இன்னொருவர். நாவூறு கண்ணூறு பட்டிருக்கும், இவ்வளவு படம் போட்டால் படாதா என்று பகிடி விட்டாள் ஒருத்தி. மற்றவர்களின் செடிகளும் கொஞ்சம் சுருண்டிருந்தன. ஆனால் அவர்கள் ஒரு மூட்டையைத் தோட்டம் முழுவதும் பரப்பியவர்கள், செடிகள் தப்பிப் பிழைத்தன. அக்காவின் பாத்தி முழுவதும் எருதான்.

என் பாத்தியில் முதல் குருத்து சுருண்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. லாயத்துக்காரியின் முகம்தான் கண் முன்னால் வந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் எட்டு வீட்டிலும் என் மானம் கப்பலேறும் என்று பயந்தேன், அவ்வளவுதான் உண்மை. பயந்தது போதாதென்று இன்னொன்றும் செய்தேன். சமையலறை வாசலில், கடையில் வாங்கிய மண்ணை நிரப்பிய ஒரு சட்டியில் நாலு போஞ்சி நின்றது, கொழுகொழுவென்று. அதைப் படம் எடுத்து, ‘எங்கட போஞ்சி’ என்று எழுதிக் குழுவில் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும்தான்.

அதற்குப் பிறகு அக்காவின் படங்கள் நின்றுவிட்டன. கடைசியாக ஒன்று வந்தது. இரண்டு பாத்தியும் வெறும் மண்ணாகக் கிடந்தன. கீழே ஒரு வரி: ‘எல்லாத்தையும் பிடுங்கிட்டன். என்ர கை எண்டு தெரிஞ்சுதானே போட்டனான்.’

சோறு இறங்கவில்லை. என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்களெல்லாம் ஒரு மனுசனே?" என்றாள். அடுத்த நாள் காலை குழுவில் எழுதினேன். எருவில் களைகொல்லி இருந்தது, எனக்கு முதலே சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை, பிழை முழுக்க என்னுடையது என்று. திட்டு வந்து குவிந்தது. "உனக்கென்ன விசரே, பிள்ளையள் சாப்பிடுற மரக்கறியடா" என்று ஒருவர் குரல்பதிவில் கத்தினார். எல்லாம் எனக்கு வேண்டியதுதான். அந்தத் திட்டுகளுக்கு நடுவில் அக்காவிடமிருந்து மட்டும் ஒரு கும்பிடு வந்தது. ‘நன்றி தம்பி.’

நன்றியா? வேலைக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் முகத்தில் கோபமே இல்லை. இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை, நின்றபடியே லாயத்தில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அண்டைக்கும் இப்பிடித்தானே சொன்னனீங்கள். காய்க்காட்டி என்ர பிழையெண்டு. சொன்ன சொல்லைக் காப்பாத்துறியள். எல்லாரிட்டையும் பேச்சு வேறை வாங்கி."

"இல்லை அக்கா! சத்தியமா இது உண்மை."

"உங்கட போஞ்சி நல்லாத்தானே நிக்குது. படம் பாத்தனான். எல்லாருக்கும் ஒரே எருதானே."

அது கடை மண் அக்கா, சட்டி அக்கா, நான் பொய்க்குப் போட்ட படம் அக்கா என்று கெஞ்சினேன். மற்றவர்களின் செடிகளும் சுருண்டதைச் சொன்னேன். "அவையின்ரது சுருண்டது. என்ரதுதான் செத்தது," என்றார். என் பொய்யைச் சந்தேகமில்லாமல் நம்பியவர், நான் சொன்ன உண்மையை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒன்று கேட்டேன். ஒரு சட்டியில் கடை மண், இன்னொன்றில் அந்த எரு, இரண்டிலும் அவர் கையாலேயே விதை போடட்டும். மூன்று கிழமையில் தெரிந்துவிடும்.

"ஏலாது தம்பி. இன்னுமொண்டை என்ர கையால சாகவிட ஏலாது."

மிச்ச விதையைச் சிறு பையோடு மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். பிறகு எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணீருக்குக் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு ஜூஸ் பெட்டியோடு திரும்பி வந்தார். அதை ஒரு பேப்பர் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தார், உறிஞ்சுகுழாய்கூடப் பிரிக்காமல் பெட்டியில் ஒட்டியபடியே இருந்தது.

"குடியுங்கோ தம்பி," என்றார். "கடையில வாங்கினது. என்ர கை படேல்லை."